உள்ளங்கை கறுத்த வருஷம்

பூங்குழலிக்கு முப்பத்தேழு வயதுவரை ஆஸ்பத்திரி என்றால் பிரசவத்துக்குப் போய் வருகிற இடம், அவ்வளவுதான். ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகத் தையல் பிரிவில் வேலை. ஷூவின் மேல்பாகத்தை அங்கே அப்பர் என்பார்கள். அதற்கு இரட்டைத் தையல் போட்டு அடுத்த மெஷினுக்குத் தள்ள வேண்டும். அவள் கை ஓடுகிற வேகத்துக்கு அந்த லைனில் யாரும் ஈடு கொடுக்க முடியாது. அவள் லீவு போட்டால் அன்றைக்கு டார்கெட்டும் லீவு என்று சூப்பர்வைசரே சொல்வார்.

அப்படிப்பட்டவளுக்குக் காலையில் பாயிலிருந்து எழுவதே ஒரு ஷிஃப்ட் வேலை போல ஆகிவிட்டது. எழுந்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வரும். சுவரைப் பிடித்து நின்று, இருட்டு விலகின பிறகுதான் அடுத்த அடி. குழம்பு கொதிக்கிற வாசனைக்கே குமட்டும். நாலு மாசத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஆரம்பத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள், "இன்னா பண்ற, இப்பிடி இளைச்சுட்ட, எங்களுக்கும் சொல்லேன்" என்று பொறாமைப்பட்டார்கள். அப்புறம் அவர்களே கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

நிறமும் மாறியது. மாநிறமாக இருந்தவள் புகை படிந்தாற்போல் கறுத்துக்கொண்டே வந்தாள். கூரைக்குக் கீழே உட்கார்ந்து தைக்கிறவளுக்கு வெயில் எங்கிருந்து வரும்? கணவன் வசந்த் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் எலக்ட்ரிஷியன். வெயிலில் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிற அவன்தான் வீட்டில் கறுப்பு. இப்போது அவனைவிட அவள் கறுத்திருந்தாள். உள்ளங்கை ரேகைகளில்கூட மை ஊற்றியதுபோல் கறுப்பு ஓடியது. அது ஷூ தைக்கிற தோலின் சாயம் என்று அவள் நிச்சயமாக நம்பினாள். அந்த மாசங்களில் லைனில் ஓடியது முழுக்கக் கறுப்பு ஷூ. தினமும் சாயங்காலம் சோப்பு போட்டுத் தேய்ப்பாள். போகாவிட்டால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பாள். கை எரிந்ததே தவிர சாயம் போகவில்லை.

பக்கத்து மெஷின் ஹுமேரா ஒன்றைக் கவனித்திருந்தாள். மதிய இடைவேளையில் இருவரும் டப்பாவைப் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். பூங்குழலி சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எலுமிச்சை ஊறுகாயை மட்டும் வழித்துச் சாப்பிட ஆரம்பித்தாள். பிறகு கேன்டீன் மேஜையில் இருக்கும் உப்பைக் கையில் கொட்டி நக்கினாள்.

"அக்கா, இன்னா இது? ஆடு மாதிரி உப்பு நக்கறே."

"தெரியலடி. உப்பு உள்ள போனாதான் கொஞ்சம் தெம்பா இருக்குது."

டாக்டர்களைப் பார்க்காமல் இல்லை. தெருமுனை கிளினிக்கில் ரத்தம் கம்மி என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இன்னொருவர் அல்சர் என்றார். மூன்றாமவர் மனக்கவலை என்று சொல்லி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று வசந்தை ஒரு மாதிரி பார்த்தார். ரொம்ப முடியாதபோது கையில் ஊசி குத்தி ஒரு பாட்டில் சலைன் ஏற்றுவார்கள். அந்த இரண்டு நாள் மட்டும் பழைய பூங்குழலி திரும்பி வந்துவிடுவாள். வீட்டைக் கழுவுவாள், மகளுக்குத் தலை பின்னுவாள். மூன்றாம் நாள் மறுபடியும் சுவரைப் பிடிக்கிற கதைதான்.

ஐப்பசி மழையோடு ஆம்பூர் முழுக்கக் காய்ச்சல் வந்தது. லைனில் பாதிப் பேருக்கு வந்தது. மூன்று நாள் படுத்து, நாலாம் நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மெஷினுக்கு வந்துவிட்டார்கள். ஹுமேராவுக்கும் வந்து போனது. பூங்குழலிக்கு வந்த அதே காய்ச்சல், இரண்டாவது நாளே அவளை மெஷின் மேல் சாய்த்துவிட்டது. நல்ல வேளை, கால் பெடலிலிருந்து விலகியிருந்தது. ஊசிக்கு இரண்டு அங்குலம் தள்ளி நெற்றி மோதியது.

ஹுமேராவும் இன்னும் இருவரும் அவளைத் தூக்கிக்கொண்டு கம்பெனியின் ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு ஓடினார்கள். அங்கே இருந்த நர்ஸ் பெர்சிஸ், வேலூரில் படித்துப் பல வருஷம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, முழங்கால் வலி வந்த பிறகு இங்கே சேர்ந்தவர். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் பெர்சிஸ் சிஸ்டர். அதிகம் பேசமாட்டார். தலைவலி மாத்திரை கேட்டுப் போனால்கூட, "கையைக் காட்டு" என்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். ஜோசியம் பார்க்கிறார் என்று பெண்கள் சிரிப்பார்கள். பூங்குழலி அதுவரை அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. மாத்திரைக்குப் போகிற நேரத்தில் நாலு ஜோடி தைத்துவிடலாமே என்பது அவள் கணக்கு.

ரத்த அழுத்தம் எண்பதுக்கும் கீழே. சிஸ்டர் கால்களை உயர்த்தி வைத்துவிட்டுப் பூங்குழலியின் கையைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எத்தினி நாளா இருக்குது?"

"லெதர் சாயம் சிஸ்டர்" என்று பூங்குழலி முனகினாள்.

"ஹுமேரா, நீயும் அதே லெதர்தானே தைக்கிற? உன் கையைக் காட்டு."

ஹுமேரா நீட்டினாள். விரல் நுனியில் லேசாகக் கறுப்பு இருந்தது. ரேகைகள் வெளுப்பாக, சுத்தமாக இருந்தன. ஹுமேரா இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாயைத் திறம்மா." சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஈறுகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் நாவல்பழம் தின்றதுபோல் திட்டுத் திட்டாகக் கறுப்பு. "லெதர் சாயம் வாய்க்குள்ள எப்பிடிப் போச்சு? உப்பு ஜாஸ்தி சாப்பிடத் தோணுதா?"

பூங்குழலி பதில் சொல்வதற்குள் ஹுமேரா அழ ஆரம்பித்துவிட்டாள். "அள்ளி அள்ளி சாப்புடறாங்க சிஸ்டர்."

பெர்சிஸ் சிஸ்டர் அதற்குமேல் ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. சலைன் பாட்டிலை மாட்டிவிட்டு கம்பெனி வேனை வரச் சொன்னார். பக்கத்து கிளினிக்குக்குப் போகலாம் என்று மேனேஜர் சொன்னதற்கு, "வேலூர்தான் சார். நான் கூடப் போறேன்" என்றார். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வரிசை நின்றபோது அவரே இறங்கிப் போய் ஏதோ சொல்லி, வேனைப் பக்கத்துப் பாதையில் விடச் செய்தார். பூங்குழலிக்கு அதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். தன் மணிக்கட்டை ஒரு கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சிஸ்டர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் தான் பார்த்ததை எல்லாம் வரிசையாக எழுதி, கடைசியில் தன் சந்தேகத்தையும் எழுதியிருந்தார். அங்கிருந்த டாக்டர் அதைப் படித்துவிட்டு, ரத்தம் எடுத்த கையோடு ஊசி போட்டார். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பூங்குழலி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். தகவல் கேட்டு வேலூருக்கு ஓடி வந்திருந்த வசந்த் சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எட்டு மாசமாக அவள் வாயிலிருந்து பசி என்ற சொல்லே வந்ததில்லை.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் பரிசோதனை, ஸ்கேன். மூன்றாம் நாள் ஹார்மோன் பிரிவு டாக்டர் அலீனா கட்டில் ஓரமாக உட்கார்ந்து பேசினார். சின்ன வயது. தாளில் இரண்டு சிறுநீரகம் வரைந்து, அதன் தலையில் தொப்பி மாதிரி ஏதோ வரைந்தார்.

"இது அட்ரினல் சுரப்பி. ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு. கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் இதுலதான் ஊறுது. காய்ச்சல் வந்தா, அடிபட்டா, பட்டினி கிடந்தா, உடம்பு அதைத் தாங்கணும்னா இது வேணும். ரத்தத்துல உப்பைப் பிடிச்சு வெக்கிற ஹார்மோனும் இங்கதான் ஊறுது. உங்களுக்கு ரெண்டும் நின்னுபோச்சு. உப்பு சிறுநீர்ல போய்ட்டே இருந்திருக்குது, அதான் நீங்க உப்பைத் தேடினீங்க. சலைன்லயும் உப்பு இருக்குது, அதான் ஏத்துனா நல்லாயிருச்சு."

"அப்போ இந்தக் கறுப்பு?" என்று வசந்த் கேட்டான்.

"சுரப்பி வேலை செய்யலைன்னு தெரிஞ்சதும் மூளை அதை இன்னும் இன்னும் தூண்டிட்டே இருக்கும். அந்தத் தூண்டுற ஹார்மோன் ஜாஸ்தியானா தோலும் கறுக்கும்."

பிறகு அவர் கேட்ட கேள்வியில்தான் பூங்குழலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா?

இருந்தது. அவள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அப்பாவுக்கு வந்தது. ஆறு மாசம் அவள்தான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்று வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். வசந்திடம்கூட அவள் சொன்னதில்லை. இப்போது அவன் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

வசந்த் அவள் பக்கமாக நகர்ந்து வந்து நின்றான். அப்புறம், "உங்க அப்பாவை நீதானே பார்த்துக்கின? அதுல இன்னா தப்பு?" என்றான்.

அந்தக் கிருமி அப்போதே அவள் உடம்பில் புகுந்து, நுரையீரலை ஒன்றும் செய்யாமல் இத்தனை வருஷம் தூங்கிவிட்டு, பிறகு ரத்தத்தின் வழியாக அந்தச் சுரப்பிகளில் போய்க் குடியேறி அரித்திருக்கிறது. சுரப்பியில் ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்ததில் அது உறுதியானது. டிபிக்கு ஒன்பது மாசம் மாத்திரை, அது ஆம்பூர் அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கிடைக்கும். ஹார்மோன் மாத்திரை ஆயுசுக்கும். டிபி மருந்து சாப்பிடுகிறவரை ஹார்மோன் மாத்திரையின் அளவு கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் அந்த மருந்து இதைச் சீக்கிரம் கரைத்துவிடும். டாக்டர் அலீனா ஒரு அட்டையையும் கொடுத்தார். காய்ச்சல் வந்தால் மாத்திரை இரண்டு மடங்கு. வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் உடனே ஹார்மோன் ஊசி. எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது. இந்த மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது.

முதல் இரண்டு மாசம் எல்லாம் ஒழுங்காகப் போனது. எடை ஏறியது. மெஷினுக்குத் திரும்பினாள். வசந்தின் அக்கா அமிர்தவள்ளி நாட்றம்பள்ளியிலிருந்து பார்க்க வந்தாள். வந்தவள் ஹார்மோன் மாத்திரைப் பட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"இது ஸ்டீராய்டுதானே? வேணாம்மா. எங்க தெருவுல ஒருத்தி ஆஸ்துமாவுக்குச் சாப்பிட்டு, மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஊதிப்போச்சு. எலும்பெல்லாம் பொடிஞ்சுடுமாம்."

அவள் பாசத்தில்தான் சொன்னாள். அது பூங்குழலிக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்குக் கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்தபோது கொஞ்சம் உப்பியிருப்பதுபோல்தான் தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

இன்னொன்றும் கூடவே நடந்தது. லைனில் ஓடுகிற மெஷினை விட்டு எழுந்தால் வேலை குவிந்துவிடும் என்று, எழாமல் இருப்பதற்காகப் பெண்கள் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடுக்கிறது, எரிகிறது என்று யாராவது சொன்னால், சூடு பிடித்திருக்கும், மோர் குடி என்பார்கள். பூங்குழலிக்கும் எரிந்தது. மோர் குடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாட்றம்பள்ளியில் அமிர்தவள்ளியின் பேத்திக்குக் காதுகுத்து. போகும்போதே பஸ்ஸில் பூங்குழலிக்குக் குளிர் நடுக்கம். பந்தியில் உட்கார்ந்தவள் எழுந்து போய் வாந்தி எடுத்தாள். கொஞ்சம் படுக்கிறேன் என்று உள்ளறைக்குப் போனாள். அரைமணி கழித்து வசந்த் போய்க் கூப்பிட்டபோது கண்ணைத் திறந்தாள், ஆனால் அவன் யார் என்று தெரியாதவள்போல் பார்த்தாள்.

அவன் அவளுடைய பர்ஸைத் திறந்து அட்டையை எடுத்தான். அவளைவிட அவனுக்குத்தான் அதில் இருந்தது மனப்பாடம். ஒரு ஆட்டோவில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அமிர்தவள்ளி பட்டுப்புடவையோடு கூடவே ஏறிக்கொண்டாள். டியூட்டியில் இருந்தது ஒரே ஒரு இளம் டாக்டர். வெளியே நீண்ட வரிசை. வசந்த் வரிசையைத் தாண்டிப் போய் அட்டையை மேஜைமேல் வைத்து, "சார், இதை மட்டும் படிங்க" என்றான். வரிசையில் இருந்த ஒருவரும் சத்தம் போடவில்லை. கைக்குழந்தையோடு முதலில் நின்ற பெண் தானாகவே ஒதுங்கி வழிவிட்டாள்.

டாக்டர் படித்தார். நர்ஸிடம் ஊசியின் பெயரைச் சொன்னார். அது அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது. ஐந்து நிமிஷத்துக்குள் மருந்து உள்ளே போய்விட்டது. சலைனும் சிறுநீர்த் தொற்றுக்கான மருந்தும் ஏறத் தொடங்கின. பொழுது சாய்வதற்குள் பூங்குழலி, "காது குத்தியாச்சா?" என்று கேட்டாள்.

அமிர்தவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். பாதி மாத்திரை விஷயம் அதற்குள் வெளியே வந்திருந்தது. "என் வாயை வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாம். உன்னை நானே கொன்னிருப்பேனே."

"இன்னா அண்ணி நீங்க. உடைச்சது என் கைதானே" என்று பூங்குழலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வேலூருக்குத் தானும் வருவேன் என்று அமிர்தவள்ளி பிடிவாதமாகக் கூடவே போனாள். டாக்டர் அலீனா திட்டவில்லை. "நீங்க பார்த்த அந்தம்மாவுக்கு உடம்புல ஊறுறதுக்கு மேல ஜாஸ்தியா மருந்து போச்சு. இவங்களுக்கு ஊறவே இல்ல. ஊற வேண்டியதை மட்டும்தான் நாம குடுக்கிறோம். அதனால மூஞ்சி ஊதாது, எலும்பும் பொடியாது" என்று பொறுமையாகச் சொன்னார். சாதாரணமாக வந்து போகிற காய்ச்சலோ, சிறுநீர்க் கடுப்போ, வயிற்றுப்போக்கோ எதுவானாலும் பூங்குழலிக்கு அது சாதாரணம் அல்ல என்றும், தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் மறுபடி இங்கேதான் வர வேண்டும் என்றும் சொன்னார். அமிர்தவள்ளி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இன்றுவரை தினமும் காலை ஏழரைக்குப் போன் செய்து, "போட்டியா?" என்று கேட்பவள் அவள்தான்.

பெர்சிஸ் சிஸ்டர் இந்தச் செய்தியைக் கேட்டதும் மேனேஜரிடம் போனார். அந்த லைனில் மட்டும் ஒரு மாசத்தில் எத்தனை பேர் கடுப்புக்கு மாத்திரை வாங்கினார்கள் என்று தன் நோட்டைத் திறந்து காட்டினார். மேனேஜர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு ஒவ்வொரு லைனுக்கும் மாற்றாள் ஒருத்தியைப் போட ஒத்துக்கொண்டார். ஒருத்தி எழுந்து போனால் அவள் மெஷினில் இன்னொருத்தி உட்காருவாள். பூங்குழலி முதல்முறையாக வேலை நேரத்தில் பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தாள். மற்றவர்களும் குடித்தார்கள்.

கறுப்பு மெதுவாகத்தான் இறங்கியது. முதலில் ஈறு, அப்புறம் முகம், கடைசியாக உள்ளங்கை. சித்திரை மாசத்தில் ஒருநாள் குளித்துவிட்டு வந்து கையைப் பார்த்தபோது ரேகைகள் சாதாரண ரேகைகளாக இருந்தன. ஆடியில் டிபி மாத்திரையும் முடிந்தது.

அன்றைக்கு ஒரு கைத்தறிப் புடவை வாங்கிக்கொண்டு ஹுமேராவோடு ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குப் போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனவள், அங்கே போனதும் புடவையை மேஜைமேல் வைத்தாள். சிஸ்டர் காலில் விழப் போனாள். அவர் பிடித்து நிறுத்தி ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"எனக்கு எதுக்கும்மா? இது வேற ஒருத்தருக்குச் சேர வேண்டியது" என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் பூங்குழலிக்கு அன்றுவரை தெரியாத கதை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் படித்துக்கொண்டிருந்தபோது, மேல்விஷாரத்திலிருந்து ஒரு மனிதரைக் கொண்டுவந்து வார்டில் சேர்த்தார்களாம். தோல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எலும்பும் தோலுமாக இருந்தார். ஊசி போடுவதற்காகப் பெர்சிஸ் அவர் கையைத் துடைத்தார். உள்ளங்கைக் கறுப்பை அழுக்கு என்று நினைத்து, ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

"அவர் சிரிச்சுக்கினே சொன்னாரு. 'வுடும்மா, அது போவாது, நானும் எவ்ளோ தேச்சு பாத்துட்டேன்'னு. மறுநாள் காலையில போய்ட்டாரு. அப்புறம்தான் எங்க புரொபசர் அந்தக் கையைத் தூக்கி எங்க எல்லாருக்கும் காட்டினாரு. 'இதை யாரும் பார்க்கலையா?'ன்னு கேட்டாரு. நான் பார்த்தேன். தேய்ச்சேன். அவ்ளோதான் செஞ்சேன்." சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிலேர்ந்து யார் வந்தாலும் கையைத் திருப்பிப் பார்க்கிறேன். ஆயிரக்கணக்குல பார்த்துட்டேன். ஒண்ணும் இருக்காது. உன் கைதான் முதல்ல கிடைச்சுது."

"அவர் பேரு இன்னா சிஸ்டர்?" என்று பூங்குழலி கேட்டாள்.

"அது ஒண்ணுதான் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது."

புடவையை சிஸ்டர் வாங்கிக்கொண்டார். கிறிஸ்துமஸுக்குக் கட்டுவேன் என்று சொன்னார், கட்டினார்.

ஹுமேரா அன்று வீட்டுக்குப் போய்த் தன் மாமியார் அக்தரி பேகத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அக்தரி பேகம், பெயர் தெரியாத அந்த மேல்விஷாரத்து மனிதருக்காக துவா கேட்டார். பூங்குழலி தன் வீட்டு சாமி படத்தின் முன்னால் விளக்கேற்றிவிட்டு யார் யாருக்கெல்லாமோ வேண்டிக்கொள்வாள். சிஸ்டர், டாக்டர் அலீனா, வரிசையில் வழிவிட்ட அந்தக் கைக்குழந்தைக்காரி, அண்ணி, ஹுமேரா. கடைசியில் அவரும் உண்டு. அவருக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'மேல்விஷாரத்து அண்ணன்'.

பூங்குழலிக்கு இப்போது நாற்பது வயது. சுரப்பி மறுபடி வேலை செய்யாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளும் அதை ஏற்றுக்கொண்டாள். காலை, மதியம், சாயங்காலம் மாத்திரை. பையில் அட்டை, கூடவே ஒரு ஊசி மருந்து, அதைப் போட வசந்தும் மகளும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். போன மாசம் அவளுக்கு ஜலதோஷக் காய்ச்சல் வந்தது. மாத்திரையை இரட்டிப்பாக்கினாள், கஞ்சி குடித்தாள், மூன்று நாள் படுத்தாள். நாலாம் நாள், மற்ற எல்லோரையும்போல மூக்கை உறிஞ்சிக்கொண்டே மெஷினுக்குப் போனாள். தனக்கும் சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்து சாதாரணமாகவே போய்விட்டது என்பதை அன்று லைனில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.